ரேஞ்ச்ஃபைண்டருக்கு இரண்டே லென்ஸ்: எதை எடுப்பது, எப்படி எடுப்பது

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவர் பழைய லைக்கா எம்3 ஃபிலிம் கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நல்ல நிலையில் இருந்தது. கூடவே 35 மி.மீ. லென்ஸ் ஒன்றும் வாங்கியிருந்தார். மாட்டினார், கண்ணில் வைத்தார், கொஞ்ச நேரம் அப்படியும் இப்படியும் திருப்பினார். "அண்ணா, எது வரைக்கும் படத்துல விழும்னே தெரியலையே" என்றார்.

தெரியாதுதான். எம்3யின் வ்யூஃபைண்டரில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலில், 50, 90, 135 மி.மீ. ஆகிய மூன்று லென்ஸுக்கு மட்டும்தான் படத்தின் எல்லையைக் காட்டும் கோடு உண்டு. (எண் சின்னதானால் லென்ஸ் அகலமாகப் பார்க்கும், பெரிதானால் தூரத்தைக் கிட்டே இழுக்கும்.) 35ஐ மாட்டினால் 135க்கான குட்டிக் கட்டம் வந்து நிற்கும். அந்தக் காலத்தில் எம்3க்காகவே முன்னால் கண்ணாடி மாட்டிய 35 மி.மீ. லென்ஸ்கள் தனியாக வந்தன. அவர் வாங்கியது அது இல்லை. லென்ஸ் அருமையான லென்ஸ், பாடியும், அதாவது லென்ஸ் இல்லாத கேமராவும், அருமையான பாடி. இரண்டுக்கும் ஜாதகம்தான் பொருந்தவில்லை.

ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டருக்கு இரண்டு லென்ஸ் போதும் என்பதை நான் பல வருடப் பழக்கத்தில் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அந்த இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வரிசை எஸ்எல்ஆர் கேமராவுக்கு இருப்பது போன்றதல்ல. எஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். எதை மாட்டினாலும் அது காட்டுவதுதான் படம். ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் பார்ப்பது பக்கத்தில் இருக்கும் தனி ஜன்னல் வழியாக. லென்ஸ் என்ன பார்க்கிறது என்பதை அந்த ஜன்னலுக்குள் இருக்கும் வெளிச்சக் கோடுகள்தான் சொல்ல வேண்டும். எனவே முதலில் பாடி, அப்புறம்தான் லென்ஸ்.

படி 1: உங்கள் ஜன்னலில் என்ன கோடு இருக்கிறது?

கையில் இருக்கும் பாடியை, அல்லது வாங்க நினைக்கும் பாடியை, கண்ணில் வைத்துப் பாருங்கள். 1954இல் வந்த எம்3யின் ஜன்னல் 0.91 மடங்கு காட்டும். கிட்டத்தட்ட நிஜ அளவு. 50க்கும் 90க்கும் அதைவிடச் சுகமான ஜன்னல் கிடைப்பது கஷ்டம். எம்2வில் 35, 50, 90 உண்டு, 0.72 மடங்கு. 1984இல் வந்த எம்6இல் 28, 35, 50, 75, 90, 135 என்று ஆறும் இருக்கும், இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து தெரியும். வோக்ட்லாண்டர் பெஸ்ஸா ஆர்2ஏவில் 35, 50, 75, 90. அதன் தம்பியான ஆர்3ஏ முழுக்க நிஜ அளவில் காட்டும். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே படம் எடுக்கலாம். ஆனால் அதில் 40க்குக் கீழே கோடு கிடையாது. ஆர்4ஏ நேர் எதிர்: 21இல் தொடங்கி 50இல் முடிந்துவிடும். மினோல்டா சிஎல்இயில் 28, 40, 90. சோவியத் ஸோர்க்கி 4இல் கோடே இல்லை. ஜன்னல் முழுவதும் 50 என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 0.72 ஜன்னலில் 28க்கான கோடு ஓரத்தோடு ஓரமாக இருக்கும். கண்ணாடி போட்ட கண் அவ்வளவு நெருங்கிப் போக முடியாது. நான்கு மூலையையும் ஒரே பார்வையில் பிடிக்க முடியாது. நானும் கண்ணாடி போடுகிறவன். எனக்கு 35தான் எல்லை. கடையில் பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றாமல் பாருங்கள், உங்கள் எல்லை எது என்று உடனே தெரிந்துவிடும்.

பாடியில் கோடு இல்லாத லென்ஸையும் பயன்படுத்தலாம். மேலே ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில் தனி ஃபைண்டர் செருகிக்கொள்ளலாம். ஆனால் ஃபோகஸ் ஒரு ஜன்னலில், கட்டம் இன்னொரு ஜன்னலில் என்று கண் அலையும். தொடக்கத்தில் அந்த வேலை வேண்டாம். கோடு இருக்கும் லென்ஸுக்குள்ளேயே தேர்வு செய்யுங்கள்.

படி 2: காசு செலவழிக்காமல் லென்ஸைப் பார்ப்பது

இதற்குத் தேவை ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் கனமான அட்டை, ஒரு ஸ்கேல், ஒரு முழம் நூல். அட்டையின் நடுவில் 12 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரத்துக்கு ஒரு ஓட்டை வெட்டுங்கள். பத்திரிகை சின்னதாக இருந்தால் இரண்டை ஒட்டிக்கொள்ளலாம். நெகட்டிவ் 36க்கு 24 மி.மீ. என்பதால் அதே விகிதம். ஓட்டையின் கீழ் விளிம்பில் நூலைக் கட்டுங்கள். அட்டையிலிருந்து அளந்து நூலில் நான்கு முடிச்சு போடுங்கள்: 9.3 செ.மீ.யில் ஒன்று, 11.7இல் ஒன்று, 16.7இல் ஒன்று, 30இல் ஒன்று.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முடிச்சைத் திறந்த கண்ணுக்குக் கீழே கன்னத்து எலும்பில் வைத்து, நூல் விறைப்பாக இருக்கும்படி அட்டையை நீட்டுங்கள். முதல் முடிச்சில் தெரிவது 28 மி.மீ. லென்ஸ் பார்ப்பது. அடுத்தது 35, அதற்கடுத்தது 50, கடைசி 90. கணக்கு எளிது: ஓட்டையின் அகலம் நெகட்டிவின் அகலத்தைவிட மூன்றே சொச்சம் மடங்கு பெரியது, தூரமும் அதே மடங்கில் பெரிதாகிறது.

இந்த அட்டையோடு ஒரு வாரம் திரியுங்கள். வீட்டுக் கூடத்தில் அம்மா பூ கட்டிக்கொண்டிருக்கும்போது, பஸ் ஸ்டாண்டில், காய்கறிக் கடையில். பார்க்கிறவர்கள் என்னவோ ஏதோ என்று நினைப்பார்கள், பரவாயில்லை. எந்த முடிச்சுக்கு உங்கள் கை தானாகப் போகிறது என்று கவனியுங்கள். இணையத்தில் நூறு மாதிரிப் படங்களைப் பார்ப்பதைவிட இது அதிகம் சொல்லித்தரும், ஏனென்றால் நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்பதும் இதில் சேர்ந்துவிடுகிறது.

படி 3: முதல் லென்ஸ், 35ஆ 50ஆ?

மூன்று மீட்டர் தள்ளி நின்றால், 35 மி.மீ. லென்ஸில் சுமார் 3.1 மீட்டர் அகலமும் 2.1 மீட்டர் உயரமும் படத்தில் விழும். ஒரு டீக்கடையின் முகப்பு, மாஸ்டர், பெஞ்சில் இரண்டு பேர், எல்லாம் அடங்கும். 50இல் 2.2 மீட்டர் அகலம், 1.4 மீட்டர் உயரம். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் ஒரு ஆள் தலை முதல் கால் வரை நிற்பார், சுற்றிலும் கொஞ்சம் காற்று இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது பெரிய வித்தியாசம்.

ஃபோகஸ் விஷயத்தில் இன்னும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அபெர்ச்சரை (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரம், எஃப் எண் சின்னதானால் துவாரம் பெரிது) எஃப் 8இல் வைத்து, ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிட்டால், 35இல் சுமார் 1.9 மீட்டரிலிருந்து 7.3 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். தெருவில் நடக்கும்போது ஃபோகஸைத் தொடவே வேண்டாம். தூக்கி அமுக்கினால் போதும். அதே அளவில் 50இல் 2.3 மீட்டரிலிருந்து 4.2 மீட்டர் வரைதான். தப்புவதற்கு இடம் குறைவு. நகர்கிற ஆட்களைக் கண்மூடித்தனமாக எடுக்க 35 கைகொடுக்கும். உட்கார்ந்திருக்கிற ஒருவரைப் பொறுமையாக எடுக்க 50.

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸோடுதான் வாழ்ந்தார். (1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது அவர் திருவண்ணாமலையில்தான் இருந்தார், அந்தக் கடைசி நாட்களைப் படமெடுத்தவர் அவர்.) நியூயார்க் தெருக்களில் கூட்டத்துக்குள் புகுந்து எடுத்த கேரி வினோகிராண்டோ லைக்கா எம்4இல் 28ஐ மாட்டிக்கொண்டு திரிந்தார். இரண்டு பேருமே மேதைகள். அவர் வைத்திருந்தார் என்பதற்காக நாம் வாங்கக் கூடாது, அவர் நின்ற தூரம் நம் சுபாவத்துக்கு ஒத்து வருகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். முன்பின் தெரியாதவரிடம் ஒன்றரை மீட்டர் வரை நெருங்கிப் போய்ச் சிரித்துப் பேசி எடுக்க முடிகிறவருக்கு 35 அல்லது 28. கொஞ்சம் தள்ளி நின்று காத்திருக்கிறவருக்கு 50.

எதையுமே முடிவு செய்ய முடியவில்லை என்றால் பாடி முடிவு செய்யட்டும். எம்3, ஸோர்க்கி, ஆர்3ஏ வைத்திருப்பவர்கள் 50. சிஎல்இ வைத்திருப்பவர்கள் 40. மற்றவர்கள் 35.

வாங்கியதும் ஐந்து ரோல் அந்த ஒரே லென்ஸில் எடுங்கள். ஐந்து ரோல் என்றால் 180 படம். ஒரு சின்ன நோட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, படம் நழுவிய ஒவ்வொரு முறையும் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்: "அறை சின்னது, பின்னால் போக இடமில்லை." "வெளிச்சம் போதவில்லை." "மேடை தூரம்." இந்த நோட்டுதான் இரண்டாவது லென்ஸை வாங்கித்தரப் போகிறது.

லைக்கா எம் வகையில் பல பாடிகளில் லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அதைத் தள்ளினால் மாட்டாத லென்ஸ்களின் கோடும் ஜன்னலில் தெரியும். 35ஐ மாட்டிக்கொண்டே, 90 இருந்திருந்தால் இந்தப் படம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துவிடலாம். நோட்டில் அதையும் எழுதுங்கள்.

படி 4: இரண்டாவது லென்ஸ்

முதல் லென்ஸால் முடியாத ஒரு வேலையை இரண்டாவது செய்ய வேண்டும். அது மட்டும்தான் விதி. எண்களில் எவ்வளவு இடைவெளி என்பது அதற்கு அடுத்தபடி.

பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, இரண்டாவது முதலாவதைப்போல இரண்டு மடங்காகவோ பாதியாகவோ இருக்க வேண்டும் என்பது. 28உம் 50உம் அப்படிப்பட்ட ஜோடி. வீட்டுக்குள், கூட்டத்துக்குள் 28, ஆட்களுக்கு 50. கண்ணாடி போடாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். 35உம் 75உம், அல்லது 35உம் 90உம் இன்னொரு ஜோடி.

90ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் அவசரப்பட்டு வாங்கி, அப்புறம் பீரோவில் வைத்துவிடுவது பெரும்பாலும் இதைத்தான். 0.72 ஜன்னலில் 90க்கான கட்டம் நடுவில் தபால்தலை போலச் சின்னதாக இருக்கும். எதிரே இருப்பவர் கண் சிமிட்டினாரா என்பதே சரியாகத் தெரியாது. ஃபோகஸும் கடினம். கேமராவின் முகப்பில் இரண்டு ஜன்னல்கள் உண்டு, அவை தரும் இரண்டு பிம்பங்களும் ஒன்றாகச் சேரும்போதுதான் ஃபோகஸ். ரேஞ்ச்ஃபைண்டர் எவ்வளவு துல்லியமாக ஃபோகஸ் செய்யும் என்பது இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவிலுள்ள தூரத்தையும் ஜன்னல் காட்டும் மடங்கையும் பொறுத்தது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். எம்3க்கு இது சுமார் 62 மி.மீ. 0.72 லைக்காவுக்கு சுமார் 50. பெஸ்ஸா ஆர்2ஏவுக்கு 26தான். லைக்கா சிஎல்லுக்கு 19. எண் குறையக் குறைய, நீண்ட லென்ஸை முழுக்கத் திறந்து எடுப்பது சூதாட்டமாகிவிடும். எனவே எம்3 வைத்திருப்பவர் 90 எஃப் 2.8ஐத் தைரியமாக வாங்கலாம். பெஸ்ஸா வைத்திருப்பவர் 75ஓடு நிறுத்திக்கொள்ளலாம், அல்லது எஃப் 4 அளவிலான சின்ன 90ஐ எடுக்கலாம். நாடகம், கச்சேரி, மைதானம் என்றே நோட்டு முழுக்க எழுதியிருந்தால், உங்களுக்குத் தேவை ரேஞ்ச்ஃபைண்டரே அல்ல. ஒரு பழைய எஸ்எல்ஆரும் 135 மி.மீ. லென்ஸும் அந்த வேலையை நிம்மதியாகச் செய்யும்.

நான் வைத்திருப்பது 35உம் 50உம். இரண்டும் ரொம்ப நெருக்கம், வீண் செலவு என்று பலர் சொல்வார்கள். கோணத்தை மட்டும் பார்த்தால் சரிதான். ஆனால் என்னுடைய 35 எஃப் 2.5, உள்ளங்கையில் மறையும் அளவு. பகலில் அதுதான். 50 எஃப் 1.5, இருட்டியதும் அதை மாட்டுவேன். என் நோட்டில் அதிகம் இருந்த வரி "வெளிச்சம் போதவில்லை" என்பதுதான், அதனால்தான் இந்த ஜோடி. உங்கள் நோட்டில் வேறு இருக்கும்.

படி 5: எவ்வளவு பெரிய அபெர்ச்சர்?

இரண்டில் ஒன்று பெரியதாக இருந்தால் போதும். இரண்டும் எஃப் 1.4 ஆக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் பணத்தையும் எடையையும் ஏற்றிவிடுகிறது.

ஐ.எஸ்.ஓ 400 (ஃபிலிமின் ஒளி உணர்திறன்) ஃபிலிம் போட்டு, நம்மூர் நண்பகல் வெயிலில் நின்றால் கணக்கு எஃப் 16, ஷட்டர் 1/500 நொடி. ஷட்டரை 1/1000க்கு ஏற்றினாலும் எஃப் 11. எம்6 போன்ற பாடிகளில் 1/1000க்கு மேல் கிடையாது. பெஸ்ஸா ஆர்2ஏவில் 1/2000 உண்டு, அதிலும் எஃப் 8 வரைதான் திறக்கலாம். அந்த வெயிலில் எஃப் 1.4 லென்ஸும் எஃப் 2.8 லென்ஸும் ஒன்றுதான். அதே ஃபிலிமோடு இரவு, ஒரு டியூப்லைட் எரியும் டீக்கடைக்குள் போனால் எஃப் 2, 1/60 அல்லது 1/30 என்று வந்து நிற்கும். எஃப் 4 லென்ஸ் என்றால் 1/15 அல்லது அதற்கும் கீழே, கை அசைந்துவிடும். பகல் லென்ஸ் சின்னதாக இருக்கட்டும், இரவு லென்ஸ் எஃப் 2 அல்லது அதைவிடப் பெரியதாக இருக்கட்டும்.

பெரிய அபெர்ச்சருக்கு விலை வேறு விதத்திலும் உண்டு. 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.5இல் திறந்து ஒரு மீட்டரில் ஃபோகஸ் செய்தால் தெளிவாக இருக்கும் ஆழம் 4 செ.மீ.கூட இல்லை. கண்ணில் ஃபோகஸ் செய்தபின் அவர் லேசாக முன்னால் சாய்ந்தாலே போயிற்று. அதோடு, லென்ஸ் பருமனாக இருந்தால் ஜன்னலின் கீழ்மூலையை மறைக்கும், முன்னால் ஹூட் (வெயில் மறைப்பு) மாட்டினால் இன்னும் அதிகமாக. அங்கே ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் உங்களுக்குத் தெரியாது.

வாங்கும் முன் எவ்வளவு அருகில் ஃபோகஸ் ஆகும் என்றும் பாருங்கள். பெரும்பாலான ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்கள் 0.7 மீட்டரோடு நின்றுவிடும், பழையவை பல 1 மீட்டரோடு. முன்னால் இருக்கும் இட்லித் தட்டை எடுக்கும் ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

ஃபில்டர் அளவும் ஒன்றாக அமைந்தால் நல்லது. கருப்பு வெள்ளை எடுப்பவருக்கு ஒரு மஞ்சள் ஃபில்டர் அவசியம், வானம் வெளுத்துப் போகாமல் காக்கும். ஸெய்ஸின் 35 எஃப் 2 பயோகானும் 50 எஃப் 2 ப்ளானாரும் இரண்டுமே 43 மி.மீ. லைக்காவின் பல சின்ன லென்ஸ்கள் 39. ஒரே ஃபில்டர் இரண்டுக்கும் போதும்.

படி 6: பழைய லென்ஸைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது

அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் எல்லா லென்ஸும் நல்ல லென்ஸ்தான். சாய்த்துப் பார்க்கும்போதுதான் உள்ளே மெல்லிய சிலந்தி வலை மாதிரி படர்ந்த பூஞ்சையும், பால் தெளித்த மாதிரி மங்கலும் தெரியும். சில துகள் தூசி இருந்தால் கவலை வேண்டாம். ஓரத்தில் ஒரு கீறலும் பெரிய விஷயமில்லை. பூஞ்சை இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. மங்கலைச் சுத்தம் செய்ய முடியும், ஆனால் எப்போதும் முடியாது. அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

அடுத்து அபெர்ச்சர் வளையம், ஃபோகஸ் வளையம் இரண்டையும் முழுச் சுற்று திருப்புங்கள். நடுவில் எங்காவது இறுகினால் உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறது. அப்புறம் உங்கள் பாடியில் மாட்டி, தூரத்துக் கோபுரமோ செல்போன் டவரோ பார்த்து முடிவிலிக் குறிக்குத் திருப்புங்கள். இரண்டு பிம்பமும் ஒன்றாகச் சேர வேண்டும். சேராவிட்டால் பாடியா லென்ஸா என்று இன்னொரு லென்ஸை மாட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

39 மி.மீ. விட்டத்தில் திருகி மாட்டும் லென்ஸ்களை எம் பாடியில் மாட்ட அடாப்டர் உண்டு. அது மூன்று வகையில் வரும்: 28க்கும் 90க்கும் ஒன்று, 35க்கும் 135க்கும் ஒன்று, 50க்கும் 75க்கும் ஒன்று. தவறானதை வாங்கினால் ஜன்னலில் தவறான கோடு வந்து நிற்கும். சோவியத் ஜூபிட்டர் 8 போன்ற லென்ஸ்கள் மலிவு, படமும் அழகாக வரும். ஆனால் அவற்றின் ஃபோகஸ் அளவு லைக்கா அளவோடு துளி மாறும். ஸோர்க்கியில் சரியாக வரும் லென்ஸ், லைக்காவில் முழுக்கத் திறந்து அருகில் எடுத்தால் தவறலாம். எஃப் 5.6க்கு மூடிவிட்டால் தொந்தரவு இல்லை. ஜூபிட்டர் 12இன் பின்கண்ணாடி ரொம்ப உள்ளே நீண்டிருக்கும். சில பாடிகளில் இடிக்கும், மாட்டும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 7: கையில் வந்த பிறகு

லென்ஸ் மூடியை மாட்டியபடியே படம் எடுத்தாலும் ஜன்னலில் எல்லாம் அழகாகத் தெரியும். நெருங்கிய உறவில் ஒரு நிச்சயதார்த்தத்தில் நான் அப்படிப் பதினோரு படங்களை இழந்தேன். தாத்தாவும் பாட்டியும் சேர்ந்து நின்ற ஒரே படமும் அந்தப் பதினொன்றில் இருந்தது. அன்றிலிருந்து படமெடுக்கும் இடத்துக்குப் போனதும் மூடியைக் கழற்றிப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுவேன்.

ஆனால் மூடி தேவைப்படும் நேரமும் உண்டு. லைக்காவின் ஷட்டர் துணியால் ஆனது. கேமராவை வெயிலில் லென்ஸ் மேலே பார்க்கும்படி வைத்தால், பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பதுபோல வெயில் அந்தத் துணியைப் பொசுக்கி ஓட்டை போட்டுவிடும். கழுத்தில் தொங்கும்போது கவலையில்லை. கீழே வைக்கும்போது மூடியைப் போடுங்கள். பெஸ்ஸாவில் உலோக ஷட்டர்.

லென்ஸ் மாற்றுவதை வீட்டில் ஃபிலிம் இல்லாமல் நூறு முறை பழகுங்கள். வெளியே மாற்றும்போது வெயிலுக்கு முதுகைக் காட்டி, உங்கள் நிழலிலேயே மாற்றுங்கள்.

சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் அந்த அழகான தோல் உறைக்குள் லென்ஸை வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறும் வகை என்றால், மாறியதும் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்துத் திரும்பப் போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்குக் கொடுக்காமல் தனியாக வைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் வாரம் ஒருமுறை டப்பாவைத் திறந்து, இரண்டு லென்ஸையும் எடுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வையுங்கள்.